பகல் விளக்கை அணைத்தல்

பகலில் எரியும் விளக்கொன்றை அணைப்பதற்கு ஒருத்தி ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கடந்த சில மாதங்களில் பலரும் கேட்டுவிட்டனர். கேட்டவர்களில் பாதிப்பேர் என் துறையைச் சார்ந்தவர்கள். மீதிப்பேர் நான் கார் வாங்கியதையே இன்னும் நம்பாத உறவினர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நீளமான பதிவு, பொறுமை உள்ளவர்கள் தொடரலாம்.

எஞ்சினை இயக்கியவுடன் காரின் முகப்பில் தாமாகவே எரியத் தொடங்கும் இரண்டு வெள்ளை எல்.இ.டி. கீற்றுகளைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.எல். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நான் பகல் விளக்கு என்றே எழுதுகிறேன். இது ஓட்டுநர் சாலையைப் பார்ப்பதற்கான விளக்கன்று. சாலையில் இருப்பவர்கள் வண்டியைப் பார்ப்பதற்கான விளக்கு. அந்த வேறுபாடு முக்கியமானது. தான் பார்க்க உதவும் விளக்கை எப்போது ஏற்றுவது என்பதை ஓட்டுநரே அறிவார். பிறர் கண்ணுக்காக எரியும் விளக்கு அணைந்திருக்கிறதா என்பதை அவர் உணர வாய்ப்பே இல்லை. ஆகவே அதை அவருடைய நினைவாற்றலிடம் ஒப்படைக்காமல் எஞ்சினிடமே ஒப்படைத்துவிட்டார்கள். பெரும்பாலான கார்களில் அதற்கென்று தனிச் சுவிட்சு வைக்கப்படாததன் காரணம் இதுதான். குறைபாடு என்று நாம் நினைப்பது உண்மையில் திட்டமிட்ட அமைப்பு.

என் சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கியது. குமாவுன் மலையில் ஒரு சிறிய வானோக்கு நிலையத்தில் என் ஆய்வுக்கான நோக்குகளைச் செய்கிறேன். மலையடிவாரத்துத் தடுப்புக் கதவைத் தாண்டி, பொழுது சாய்ந்தபின் எந்த வண்டியும் முகப்பு விளக்குடன் மேலே வரக்கூடாது என்பது அங்குள்ள விதி. பார்க்கிங் விளக்கு மட்டும் எரியலாம். உலகின் பெரும்பாலான வானோக்கு நிலையங்களில் இதைப் போன்ற விதியோ வழக்கமோ உண்டு. லடாக்கில் ஹான்லேயைச் சுற்றி 2022-இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டதன் நோக்கமும் இத்தகைய இருளைக் காப்பதே. நான் இரண்டாம் கையாக வாங்கிய காரிலோ பார்க்கிங் விளக்கைப் போட்டாலும் பகல் விளக்கு முழு ஒளியுடன் எரிந்துகொண்டே இருக்கும். முகப்பு விளக்கை ஏற்றினால்தான் அது அடங்கும். அதாவது, பெரிய விளக்கை ஏற்றினாலன்றிச் சிறிய விளக்கை அணைக்க முடியாது. கதவருகே காவலிருக்கும் பெரியவர் இந்த வினோதத்தை என்னிடம் மூன்றுமுறை செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, மிக்க மரியாதையுடன், காரை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து போகச் சொன்னார்.

கதவிலிருந்து உச்சிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர். செங்குத்தான ஏற்றம். அக்டோபருக்குப் பிறகு குளிர். இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சரிவில் சிறுத்தை உண்டு. அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை; அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் தெரிந்த செய்தி அது, தெருநாய் இருக்கிறது என்பதைப் போலத்தான் சொல்வார்கள். நள்ளிரவில் நோக்கு முறை மாறும்போது தனியாக இறங்கி வருவதும் ஏறிப் போவதும் எனக்கு இயலாத காரியமாயிற்று.

இரண்டு சிறு கீற்று விளக்குகள் ஒரு மலையின் இரவை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டு கணக்குப் போட்டேன். ஐரோப்பியத் தரவிதியின்படி ஒரு பகல் விளக்கு, முன்திசையில் 400 முதல் 1,200 கேண்டெலா வரை ஒளிச்செறிவு கொண்டிருக்கலாம். நடுவாக 800 என்று கொள்வோம். இரண்டு விளக்குக்கு 1,600. ஒளி, தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பது பள்ளிப்பாடம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நம்மை நோக்கி நிற்கும் அந்தக் காரிலிருந்து நம் கண்ணில் விழும் ஒளி 0.0016 லக்ஸ். நிலவற்ற இரவில் ஒட்டுமொத்த வானமும், அதாவது அத்தனை விண்மீன்களும் பால்வீதியும் வளிமண்டலத்தின் இயற்கையான மினுக்கமும் சேர்ந்து தரையில் தரும் ஒளி ஏறத்தாழ 0.001 லக்ஸ். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு சிறிய கார், ஒரு முழு வானத்தை விஞ்சிவிடுகிறது. அதே கார் நூறு மீட்டருக்குள் வந்துவிட்டால் கணக்கு 0.16 லக்ஸ். அது முழுநிலவுக்கு நிகர்.

கண்ணின் கதை இன்னும் மோசம். இருளில் நம் விழித்திரையின் கோல் செல்கள் முழுமையாகப் பழகுவதற்கு முப்பது நிமிடங்களுக்கு மேல் ஆகும். அவற்றிலுள்ள ரோடாப்சின் என்னும் நிறமி மெல்ல மெல்லத்தான் மீண்டும் சேர்கிறது. கலைவதற்கோ சில நொடிகள் போதும். வெள்ளை எல்.இ.டி. என்பது அடிப்படையில் ஒரு நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசியது. அதன் நிறமாலையில் நீலத்தின் பங்கு மிகுதி; கோல் செல்களும் நீலப்பச்சைப் பகுதிக்குத்தான் மிகவும் கூர்மையானவை; காற்றில் மிகுதியாகச் சிதறுவதும் நீலமே. வானோக்கிகள் சிவப்பு டார்ச்சை வைத்துக்கொண்டு அலைவது ஏதோ சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். கோல் செல்கள் சிவப்பை ஏறக்குறைய உணர்வதில்லை என்பதே காரணம்.

சென்ற பருவத்தில் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தவை மூன்று இரவுகள். இரண்டை மேகம் கொண்டுபோயிற்று. மூன்றாம் இரவில், மங்கிவரும் ஒரு மீயொளிர் விண்மீனின் நிறமாலையை அரைமணி நேரம் பதிவுசெய்துகொண்டிருந்தபோது, அனுமதியுடன் வந்த விருந்தினர் ஒருவருடைய பெரிய வண்டி வளைவில் திரும்பி, கூண்டின் திறப்பை நேருக்குநேர் பார்த்தபடி நின்றது. அவர் மீது குற்றமில்லை. பார்க்கிங் விளக்கு மட்டுமே போட்டிருப்பதாக அவர் உண்மையாகவே நம்பினார். அந்தப் பதிவில் பின்னணி ஒளி ஏறிவிட்டது. மறுபடியும் தொடங்குவதற்குள் அந்த விண்மீன் மேற்கே தாழ்ந்துவிட்டது. அடுத்த வாய்ப்புக் கிடைப்பதற்குள் அது கண்ணுக்கெட்டாமல் மங்கிப்போயிருந்தது. மீயொளிர் விண்மீன்களுக்கு மறுதேர்வு கிடையாது.

இவ்வளவையும் படிப்பவர்களுக்கு, பகல் விளக்கின் வயரைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஹல்துவானியில் நான் பார்த்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கும் அப்படித்தான் தோன்றிற்று. “மேடம்ஜி, இரண்டு பிளக்கு. இரண்டு நிமிடம். காசுகூட வேண்டாம்” என்றார். நான் வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம் அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த ஒன்று.

செப்டம்பர் கடைசி வாரம். பருவமழை விலகிக்கொண்டிருந்த நேரம். பிற்பகல் மூன்று மணி. தேவதாருக் காட்டுக்குள் வளைந்து ஏறும் பாதை. மலையில் பனிமூட்டம் என்பது சமவெளியில்போல மெல்லப் படர்வதில்லை. பள்ளத்தாக்கிலிருந்து எழும் மேகம் ஒரு வளைவுக்கு அப்பால் சாலையை அப்படியே விழுங்கியிருக்கும்; வளைவைத் திரும்பினால் நாமும் அதன் வாய்க்குள் இருப்போம். முகப்பு விளக்கின் திருகுக்கு என் கை போவதற்குள், எதிரே பத்தடித் தொலைவில் ஒரு ஜீப் மலைச்சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தது. என் பக்கத்தில் பள்ளம். அந்தச் சாலையில் இரண்டு வண்டிகள் ஒதுங்குவதற்கு இடம் கிடையாது. குறுகிய மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது நம் நாட்டுச் சாலை விதி. அதன்படி அவர் எனக்கு ஒதுங்கி நின்றிருந்தார். ஆனால் ஒதுங்குவதற்கு முன் அவர் என்னைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

அந்த ஜீப்பை ஓட்டியவர் நிலையத்துக்குக் காய்கறியும் டீசலும் கொண்டுவருபவர். ஐம்பதைக் கடந்தவர். குமாவுனி வழக்கப்படி நாங்கள் எல்லாரும் அவரைத் தாஜ்யூ, அதாவது அண்ணன் என்போம். மாலையில் தேநீர்க் கடையில் பார்த்தபோது நன்றி சொன்னேன். “மேடம், உங்கள் வண்டியை நான் பார்க்கவே இல்லை” என்றார். “இரண்டு வெள்ளைக் கோடு வந்தது. அதைப் பார்த்து நிறுத்தினேன். வண்டி அப்புறம்தான் வந்தது.” என் கார் ஈரத் தார்ச்சாலையின் நிறம். இதைச் சொல்லிவிட்டு அவர் பக்கோடாவுக்கு உப்புப் போதவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார். நான்தான் தேநீரை ஆறவிட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே எனக்கு வேண்டியது விளக்கற்ற கார் அன்று. ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மட்டும் விளக்கு அணையும் கார்.

பகல் விளக்கின் வரலாற்றைப் புரட்டியது அந்த வாரத்தில்தான். ஆய்வு மாணவர்களுக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் இலக்கியத் தேட்டம் செய்யும் நோய் உண்டு. தொடக்கம் வடக்கே. குளிர்காலத்தில் சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் எழாத நாடுகளில், நண்பகலும் அந்தியைப் போலத்தான் இருக்கும். பின்லாந்து 1972-இல் குளிர்கால நெடுஞ்சாலைகளுக்கு இதை விதியாக்கியது. ஸ்வீடன் 1977-இல் ஆண்டு முழுவதற்கும் விதித்தது. கனடா 1990 முதல் புதிய வண்டிகளில் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரியிலிருந்து புதிய வகைக் கார்களுக்கு இதை வேண்டியது. எதிர்த்திசையிலும் வரலாறு இருக்கிறது. ஆஸ்திரியா 2005-இல் பகலிலும் விளக்கேற்ற வேண்டுமென்று ஆணையிட்டு, 2008 தொடக்கத்தில் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் எல்லா வண்டிகளுக்கும் இதைக் கட்டாயமாக்கக் கோரி 2001-இல் விண்ணப்பித்தது. அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு, போதிய சான்று இல்லை என்று 2009-இல் மறுத்துவிட்டது.

இந்தியாவில் இரு சக்கர வண்டிகளுக்கே முதலில் வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய ஸ்கூட்டர்களிலும் பைக்குகளிலும் முகப்பு விளக்கு தானாக எரிய வேண்டும், அணைக்கச் சுவிட்சு கூடாது என்றானது. அந்த ஆண்டு முழுவதும் சாலையில் எதிரே வந்தவர்கள் எல்லாம் ஐந்து விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்து, விளக்கு எரிகிறது என்று சைகை காட்டியது நினைவிருக்கும். அந்நியர் ஒருவருடைய பேட்டரி வீணாகக்கூடாது என்று அத்தனை பேர் கவலைப்பட்ட வேறொரு காலத்தை நான் கண்டதில்லை. அதற்கும் முந்தைய தலைமுறைக்கு வேறு நினைவு. முகப்பு விளக்கின் நடுவே காவலர்கள் வட்டமாகக் கறுப்புப் பூசிவிடுவார்கள், அல்லது கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எதிரே வருபவர் கண் கூசாதிருக்க. ஒளியைக் கூட்டச் சொன்ன சட்டத்துக்கு முன்பே ஒளியைக் குறைக்கச் சொன்ன சட்டம் நம் ஊரில் இருந்தது.

நடைமுறைக்கு வருகிறேன். முதல் ஒரு மாதம் நான் செய்தது மிகப் பழைய உத்தி. கறுப்புக் கம்பளித் துணியில் இரண்டு உறைகள் தைத்து, வெல்க்ரோ வைத்து, கதவருகே இறங்கி விளக்குகளின் மேல் ஒட்டிவிட்டு ஏறிப் போவேன். குதிரைக்குக் கண்மூடி கட்டுவதைப் போல. பனி விழும் இரவில் ஈரமான பிளாஸ்டிக்கின்மேல் எந்த வெல்க்ரோவும் நிற்காது. ஓர் உறை எங்கோ சரிவில் கிடக்கிறது; சிறுத்தை அணிந்துகொண்டிருக்கலாம்.

அடுத்து யோசித்தது ஃபியூஸ். என் காரில் பகல் விளக்குக்கான ஃபியூஸே ஹார்னுக்கும் மின்சாரம் தருகிறது. மலைப்பாதையில் ஹார்ன் இல்லாமல் ஓட்டுவதைவிட விளக்கில்லாமல் ஓட்டலாம். சில கார்களில் கைப்பிரேக்கை ஒரு பல் மட்டும் இழுத்துவைத்தால் பகல் விளக்கு அணைந்துவிடும். பலரும் இதை எளிய வழியாகச் சொல்கிறார்கள். நிற்கும்போது சரி. பிரேக் பட்டை உரசியபடி செங்குத்தில் ஏறுவது அறிவுடைமை ஆகாது. மேலும் என் காரில் அந்த வசதியே இல்லை. விலை உயர்ந்த கார்களில் கணினியை இணைத்து அமைப்பை மாற்றிவிடலாம். அத்தகைய கார்களில் வயரில் கை வைத்தால் விளக்குப் பழுது என்று வண்டியே புகார் சொல்லத் தொடங்கும். என்னுடையது அவ்வளவு அறிவு படைத்த கார் அன்று. அதற்காக நன்றியுடையவளாக இருக்கிறேன்.

மீந்தது சுவிட்சு. எலக்ட்ரீஷியன் தயாராகவே இருந்தார். டாஷ்போர்டில் ஓட்டை போட்டு ஒரு தட்டுச் சுவிட்சு, நூற்றைம்பது ரூபாய். நான் தயங்கியது சுவிட்சின் குணத்தைப் பற்றி. சாதாரணச் சுவிட்சு கடைசியாக விட்ட இடத்திலேயே நிற்கும். இரவில் மலையில் அணைத்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில் காலையில் இறங்கினால், கீழே தேவதாருக் காட்டில் மேகத்துக்குள் நான் விளக்கில்லாமல் நுழைந்திருப்பேன்; அது எனக்குத் தெரியவும் தெரியாது. பிறர் பார்ப்பதற்கான விளக்கு என்று முன்பே சொன்னேன். எனக்கு வேண்டியது, அணைத்ததை மறந்துவிடும் சுவிட்சு.

அதைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. எங்கள் ஊர்க் கிணற்றடி மோட்டார் கொட்டகை வரைதான். பம்ப்செட் ஸ்டார்ட்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சைப் பொத்தானை ஒருமுறை அமுக்கிக் கையை எடுத்துவிடுவோம். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும். மின்சாரம் திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. மீண்டும் யாராவது போய்ப் பச்சையை அமுக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு மின்சாரம் வந்தால், தாத்தா டார்ச்சும் கோலுமாக வரப்பில் நடந்துபோவது அந்த ஒரு அமுக்கலுக்காகத்தான். அவர் அந்தப் பெட்டியைத் திட்டாத நாளில்லை. உள்ளே இருப்பது எளிய தந்திரம். பொத்தானை அமுக்கியதும் ஒரு சுருள் காந்தமாகி, தொடுமுனைகளை இழுத்துக்கொள்கிறது. இழுபட்ட முனைகளில் ஒன்று, பொத்தானின் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டு அந்தச் சுருளுக்கு மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுக்கிறது. தன் கையாலேயே தன்னைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல. மின்சாரம் ஒருமுறை அறுந்தால் பிடி நழுவிவிடும்.

இதையே தலைகீழாக்கினால் போதும். இரண்டு தொகுதித் தொடுமுனைகள் கொண்ட பன்னிரண்டு வோல்ட் ரிலே ஒன்று. முதல் தொகுதியில், சுருளில் மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் முனைகள் வழியாகப் பகல் விளக்குக்கான மின்சாரம் போகும். ஆகவே எதையும் செய்யாவிட்டால் விளக்கு எரியும். ரிலே பழுதடைந்து சுருள் அறுந்துபோனாலும் விளக்கு எரியும். இரண்டாம் தொகுதி சுருளைத் தாங்கிப் பிடிப்பதற்கு. பொத்தானை ஒருமுறை அமுக்கினால் ரிலே இழுத்துக்கொள்ளும், விளக்கு அணையும், கையை எடுத்தாலும் அணைந்தே இருக்கும். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினால் சுருளின் பிடி விடும். அடுத்தமுறை எஞ்சினை இயக்கும்போது விளக்கு எரிந்துகொண்டுதான் எழும். இருள் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும்.

எலக்ட்ரீஷியனிடம் இதை விளக்க இந்தியும் கையும் போதவில்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் வரைந்தேன். ஒரு நிமிடம் பார்த்தார். “இது டியூப்வெல் ஸ்டார்ட்டர் மேடம்ஜி!” என்றார், ஏமாற்றப்பட்டவரைப் போல. அதன்பிறகு அவர் என்னைப் பொருட்படுத்தத் தொடங்கினார். சுருளின் குறுக்கே ஒரு டையோடு போட வேண்டும், இல்லாவிட்டால் அணையும் கணத்தில் அது உதைக்கும் உதையில் வண்டியின் மின்னணுப் பகுதி எதுவும் கெட்டுப்போகலாம் என்று அவராகவே சொன்னார். மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே மூன்று ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வைத்தோம். விளக்குகளும் சுருளும் சேர்ந்தே இரண்டு ஆம்பியரைத் தாண்டாது.

வயரை வெட்டுவதில்லை என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். விளக்கின் கனெக்டருக்குப் பொருந்தும் ஆண், பெண் முனைகளைத் தேடி வாங்கி, இடையில் செருகும்படி ஒரு சிறு இணைப்பைச் செய்தோம். பிடுங்கிவிட்டால் கார் பழைய கார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. விளக்கின் வயர் அந்தச் சான்றில் இல்லை என்று வாதிடலாம்தான். எனக்கு வாதிடும் ஆவல் இல்லை. இணைக்கத் தோலைச் சீவிக் கவ்வும் மலிவான கிளிப்புகளையும் தவிர்க்கச் சொல்வேன். மலையின் ஈரத்தில் அவை ஓராண்டுக்குள் பச்சை பிடித்துவிடும். என் காருக்குப் பொருந்திய வழி உங்கள் காருக்குப் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். பல வண்டிகளில் பகல் விளக்கும் பார்க்கிங் விளக்கும் ஒரே எல்.இ.டி.தான், ஒளியை மட்டும் கூட்டிக் குறைக்கிறார்கள். அங்கே இதைச் செய்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும்.

பொருள்களுக்கு நானூற்று முப்பது ரூபாய். கூலி இருநூறு. தேநீர் அவர் கணக்கு.

என்னோடு அதே குழுவில் ஆய்வு செய்யும் வங்காளத்துத் தம்பி ஒருவன் இருக்கிறான். பைக்கில்தான் எங்கும் போவான். ரிலே மெல்ல ‘டிக்’கென்று இழுப்பதைக் கேட்டு மகிழ்ந்தவன், உடனே சண்டையும் பிடித்தான். “தீதி, உங்களுக்கு அந்த ஒன்றேகால் கிலோமீட்டர்தான் கவலை. என்னைக் கேட்டால் பகலிலும் இதை அமுக்கியே வைத்திருக்க வேண்டும்” என்றான். அவனுடைய வாதம் ஆஸ்திரியாவில் எழுந்த வாதத்தோடு பெரும்பாலும் ஒத்தது. ஒரு காலத்தில் சாலையில் பைக்கில் மட்டும் விளக்கு எரிந்தால், அந்த விளக்கு கண்ணை இழுக்கும். எல்லாக் கார்களிலும் எரிந்தால், பைக்கின் ஒற்றை விளக்கு அந்தத் திரளில் கரைந்துபோகும். விளக்கே இல்லாதவர்களின் கதி என்ன? சாலையைக் கடக்கும் கிழவி, விறகுக் கட்டுடன் ஓரமாக நடப்பவர்கள், எருமைகள். விளக்கைத் தேடிப் பழகிய கண், விளக்கில்லாததைப் பார்க்க மறந்துவிடாதா?

இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. தாஜ்யூவின் வெள்ளைக் கோடுகளைச் சொன்னேன். “அன்று நீங்கள் காரில் இருந்தீர்கள். விறகுக் கட்டோடு நடந்திருந்தால்?” என்றான். நகரத்து நண்பகல் வெயிலில் அந்தக் கீற்றுகளால் எவருக்கும் பெரிய நன்மையில்லை என்பதையும், பின்லாந்தின் குளிர்காலத்துக்குப் பிறந்த ஒரு தீர்வு நம் நாட்டுச் சித்திரை வெயிலில் அணிகலனாகிவிட்டது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் சாலை எல்லாமே நண்பகல் வெயிலில் இல்லை. புளியமர நிழலுக்குள்ளிருந்து வெளிவரும் வண்டி, ஆனி ஆடி மழையில் வரும் வண்டி, மலைவளைவு, மார்கழி மூடுபனி ஆகிய இடங்களில் அது வேலை செய்கிறது. எந்த நேரம் எந்த இடம் என்று அறிந்து எல்லா ஓட்டுநரும் ஏற்றி அணைப்பார்கள் என்று நம்புவதற்கு நான் சாலையில் பார்த்தவை இடம் தரவில்லை. அவன் இன்னும் உடன்படவில்லை. நானும் அவன் பைக்கின் பின்னால் உட்காரும்போதெல்லாம் கொஞ்சம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.

கதவுக் காவலர் புதிய ஏற்பாட்டைச் சோதித்து ஏற்றுக்கொண்டார். காரை நிறுத்தி மறுபடி இயக்கச் சொன்னார், விளக்கு எரிந்தது. முகம் சுளித்தார். பொத்தானை அமுக்கினேன், அணைந்தது. “ஒவ்வொரு முறையுமா?” என்றார். ஆமாம் என்றேன். “வேலை வைக்கிற வண்டி” என்று சொல்லித் தடுப்பைத் தூக்கினார். பார்க்கிங் விளக்கின் மங்கிய வெளிச்சத்தில், மனிதர் நடக்கும் வேகத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறுகிறேன். ஐந்து நிமிடத்தில் கண் பழகத் தொடங்கி, சாலையின் ஓரக்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. உச்சியில் இடம் குறுகல். காரைப் பின்னோக்கி எடுத்துத்தான் நிறுத்த வேண்டும். ரிவர்ஸ் கியரைத் தொட்டவுடன் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எரியும், அதுவும் நேராகக் கூண்டைப் பார்த்து. அதற்கும் ஒரு ரிலே வைக்கலாம் என்று எலக்ட்ரீஷியன் ஆர்வமாக இருக்கிறார். பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதைக் காட்டும் விளக்கில் கை வைக்க எனக்கு மனமில்லை. எனவே எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, நான் ஜன்னல் வழியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, தம்பி முன்னாலிருந்து தள்ளுகிறான். சில இரவுகளில் தாஜ்யூவும் வந்து ஒரு கை கொடுக்கிறார். பின்சக்கரத்துக்கு அடியில் வைப்பதற்கென்று இரண்டு கற்களை வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். இருளில் கண்டுபிடிக்க வசதியாக.